மணிக்கு 10 கி.மீ வேகத்தில் கிரேக்கத் தீவுகள்: பாய்மரப் படகில் ஒரு வாரம்!

குக்கரில் இரண்டாவது விசில் வந்ததும், மேல்தளத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கேப்டன் படிகளில் தடதடவென இறங்கி ஓடி வந்தார். முகமெல்லாம் பதற்றம். என்ஜின் அலாரம் என்று நினைத்துவிட்டாராம். அம்மா எதுவும் பேசாமல் அடுப்பின் மேலிருந்த மூன்று லிட்டர் குக்கரைக் கைகாட்டினார். கேப்டன் அதை உற்றுப் பார்த்தார். மூன்றாவது விசில் வருவதற்குள் மேலே போய்விட்டார். அன்று மதியம் பருப்பு சாதத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரும் அவர்தான்.

ஏதென்ஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் சரோனிக் வளைகுடாவில், 45 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றில், கடந்த செப்டம்பர் முதல் வாரம் இப்படித்தான் தொடங்கியது. யாட் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் சினிமா பாடல்களில் ஹீரோ வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கும் காட்சிகள்தான். நிஜத்தில் எட்டுப் பேர், இரண்டு கழிவறை, ஆடிக்கொண்டே இருக்கும் ஓர் அடுப்பு.

அக்காவும் அத்தானும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய கோடை விடுமுறை முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்றபோது, "ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுப்போம். தினம் ஒரு தீவு" என்றார் அத்தான். அவருடைய அலுவலக நண்பர், கோவைக்காரர், மனைவியுடன் சேர்ந்துகொண்டார். சென்னையிலிருந்து அம்மாவும் நானும். அம்மாவுக்கு வயது 61. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர். நீச்சல் தெரியாது.

உரிமம் இருந்தால் போதுமா?

யாட் வாடகையில் பல வகை உண்டு. வெறும் படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டலாம். கேப்டனோடு எடுக்கலாம். சமையல்காரர், பணியாளர்களோடு எடுக்கலாம்; அது பணக்காரர்கள் சமாசாரம். முதல் வகைதான் மலிவு. ஆனால், கிரேக்கத்தில் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட உரிமம் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். துணைக்கு, படகோட்டிய அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும்.

அத்தான் இரண்டு வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியில் கடல் படகுக்கான உரிமம் வாங்கியிருந்தார். நண்பரும் அவரோடு ஏரியில் சில தடவை பாய் இழுத்திருக்கிறார். காகிதப்படி எல்லாம் சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் கட்டத்தில், அத்தானின் அனுபவத்தைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. எத்தனை நாள் கடலில் ஓட்டியிருக்கிறீர்கள், எந்த அளவு படகு, நங்கூரம் இறக்கிவிட்டுப் பின்பக்கமாகக் கரையில் கட்டியது எத்தனை முறை?

அந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இடம் குறைவு. அதனால் படகுகளைக் கரையோரமாக நீளவாட்டில் நிறுத்த மாட்டார்கள். கரையிலிருந்து நாற்பது, ஐம்பது மீட்டர் தூரத்திலேயே முன்பக்க நங்கூரத்தை இறக்கிவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே ரிவர்ஸில் வந்து, இரண்டு படகுகளுக்கு நடுவில் இருக்கும் சந்துக்குள் பின்பக்கத்தை நுழைத்துக் கட்ட வேண்டும். ரங்கநாதன் தெருவில் லாரியை ரிவர்ஸ் எடுப்பது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிரேக் கிடையாது. பக்கவாட்டில் காற்று வேறு தள்ளும்.

"அஞ்சு தடவைன்னு போட்டுருங்க, யாரு எண்ணிப் பாக்கப்போறா?" என்றார் நண்பர். வீடியோ காலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. நெசமா எத்தனை தடவை கட்டியிருக்கீங்க?"

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு தடவைகூட இல்ல, அத்தை."

கேப்டன் வைத்துக்கொள்ள ஒரு நாளைக்கு 200 யூரோ. ஏழு நாளைக்கு 1,400. சாப்பாடும் நம்முடையது. அவருக்குத் தனி அறை கொடுக்க வேண்டும் என்பதால் அக்கா மகனுக்கு ஒதுக்கியிருந்த அறை போய்விடும். அவன் நடுக்கூடத்து மேசையை மடித்துப் போட்டுப் படுக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிப் பார்த்தார் நண்பர். அத்தானுக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். சுக்கான் பிடிக்கும் கனவோடு உரிமம் வாங்கியவர் அல்லவா! ஆனாலும் படிவத்தில் பூஜ்யம் என்று எழுதி, கீழே 'கேப்டன் தேவை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். இந்தப் பயணத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான் என்று பிறகு எல்லோருமே ஒப்புக்கொண்டோம். நண்பர் மட்டும் கொஞ்சம் தாமதமாக.

விசா விஷயத்தில் ஒரு தகவல். எங்கள் இருவருக்கும் ஷெங்கன் விசா வேண்டியிருந்தது. ஆளுக்கு 90 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஹோட்டல் முன்பதிவுக்குப் பதிலாகப் படகு ஒப்பந்தத்தையும், எங்கள் பெயர் இருக்கும் பயணிகள் பட்டியலையும் இணைத்தோம். ஆகஸ்ட் மாதத்துக்குக் கடைசி நேரத்தில் விண்ணப்பித்தால் நேரம் கிடைப்பது கஷ்டம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது.

சனி முதல் சனி வரை

கிரேக்கத்தில் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை படகைக் கொடுப்பார்கள். அடுத்த வெள்ளி மாலைக்குள் துறைக்குத் திரும்பியாக வேண்டும், சனி காலை இறங்க வேண்டும். ஏழு நாள் வாடகை என்றாலும் கடலில் கிடைப்பது ஐந்தேமுக்கால் நாள்தான். அப்போது இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எங்கள் படகு ஏதென்ஸை ஒட்டியிருக்கும் அலிமோஸ் துறையில் நின்றது. வரிசை வரிசையாகப் பாய்மரங்கள், பக்கத்திலேயே டிராம் ஓடுகிறது. சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் இருப்பது எட்டுப் பேருக்கு இரண்டு நாள்தான் வரும், சிக்கனம். கழிவறையில் காகிதம் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், கண்டிப்பாகக் கூடாது. கரையில் மின்சாரம் இணைத்தால்தான் பிளக் பாயின்ட் வேலை செய்யும். அதாவது, அக்கா கொண்டுவந்த ரைஸ் குக்கர் ஒரு வாரத்துக்கு வெறும் பாத்திரம். அம்மா சூட்கேஸைத் திறந்து துணிகளுக்கு நடுவே இருந்த பிரஷர் குக்கரை எடுத்தபோது அக்கா கைதட்டியே விட்டாள். (சூட்கேஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. படகில் அதை வைக்க இடமே இல்லை. மடிக்கிற துணிப்பை கொண்டுபோங்கள்.)

தண்ணீர் விஷயத்தில் அம்மா எங்களுக்கெல்லாம் டீச்சர். "குடத்துக்கு வரிசையில நின்னு வளந்தவ நான்" என்று ஒரு சொம்புத் தண்ணீரில் பாத்திரம் கழுவிக் காட்டினார். முதலில் கடல் நீரில் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில். கேப்டனும் அதைத்தான் சொன்னார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். அலிமோஸிலிருந்து ஏஜினா தீவின் தென்மேற்கு முனையில் இருக்கும் பெர்டிகா கிராமத்துக்கு ஏறத்தாழ 18 கடல் மைல், நம் கணக்கில் 33 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் ஆனது. பாய்மரப் படகின் வேகம் மணிக்கு 10, 11 கிலோமீட்டர்தான். அக்கா மகன் தன் சைக்கிளே இதைவிட வேகம் என்று அலுத்துக்கொண்டான்.

துறையை விட்டு வெளியே வந்ததும் பாயை ஏற்றச் சொன்னார் கேப்டன். அத்தானும் நண்பரும் கயிற்றை இழுக்க, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே போனது. பிறகு என்ஜினை நிறுத்தினார். அதுவரை காதில் இருந்த இரைச்சல் அத்தனையும் போய், தண்ணீர் படகின் விலாவில் உரசும் சத்தம் மட்டும் இருந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, போய்க்கொண்டே இருந்தது. எதுவுமே தள்ளாமல் ஒரு பெரிய பொருள் நகர்வதை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் பாயின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா தூத்துக்குடியில் தோணிக்காரர்களிடம் கணக்கு எழுதியவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பாய்த் தோணிகளைச் சின்ன வயதில் கரையில் நின்று பார்த்திருக்கிறாராம். ஏறியதில்லை. பொம்பளைப் பிள்ளைகளை யார் ஏற்றினார்கள்?

பெர்டிகாவுக்கு எதிரே மோனி என்று ஒரு குட்டித் தீவு. ஆள் குடியிருப்பு இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததால், நங்கூரம் மணலில் கிடப்பது மேலேயிருந்தே தெரிந்தது. கரையில் காட்டாடுகள், மான்கள். அவற்றோடு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன மயில்கள்! கிரேக்கத் தீவில் மயிலைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலை லைஃப் ஜாக்கெட் போட்டு, படகின் பின்னால் இருக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார். கையை மட்டும் விடவே இல்லை. பத்து நிமிடம். மேலே வந்து, "நம்ம கடலைவிட உப்பு ஜாஸ்தி" என்றார்.

ஏஜினா பிஸ்தாவுக்குப் பேர்போன தீவு, நாங்கள் போனது அறுவடை நேரம். இரண்டு கிலோ வாங்கி மூன்று நாளில் தீர்த்தோம். திங்களன்று எபிடாவ்ரோஸ். கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டுக் கல் அரங்கம் அங்கே உள்நாட்டில் இருக்கிறது, கரையிலிருந்து டாக்ஸியில் போக வேண்டும். கடைசிப் படியில் உட்கார்ந்த எனக்குக் கீழே மேடையில் அக்கா மகன் நாணயத்தைப் போட்ட சத்தம் கேட்டது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போரோஸுக்கு வந்துவிடுகிறேன்.

"போவது பிரச்னையே இல்லை"

போரோஸ் தீவுக்கும் எதிரே இருக்கும் கலாட்டாஸ் ஊருக்கும் நடுவே ஓர் ஆற்றின் அகலத்துக்குத்தான் கடல். மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், உச்சியில் ஒரு மணிக்கூண்டு. செவ்வாய் மாலை அங்கே கட்டினோம். மறுநாள் திட்டம் ஹைட்ரா. நண்பரின் மனைவி இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே ஹைட்ராவுக்காகத்தான். கார், பைக் ஓடாத தீவு. மூட்டை முடிச்செல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் போகும். 1957-ல் வந்த சோஃபியா லோரனின் ஹாலிவுட் படம் எடுத்த இடம். பாடகர் லெனார்ட் கோயன் 1960-ல் வீடு வாங்கிய இடம்.

புதன் காலை கேப்டன் போனில் காற்று வரைபடத்தைக் காட்டி, "இன்று கிளம்பவில்லை" என்றார்.

கிரேக்கத்தில் கோடைக்காலத்தில் வடக்கேயிருந்து அடிக்கும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில் உச்சம், செப்டம்பரிலும் வரும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, காற்று மட்டும் பிய்த்து எடுக்கும். நம் ஊரில் மழை வந்தால்தான் கெட்ட வானிலை என்போம். அதனால் இது புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஏஜியன் கடல் நடுவே இருக்கும் மைக்கனோஸ் பக்கம் இது மூர்க்கமாக இருக்கும். சரோனிக் வளைகுடா கொஞ்சம் மறைவான இடம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அன்றைக்கு முன்னறிவிப்பு பியூஃபோர்ட் அளவில் 6. மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்.

"காத்து வடக்கேருந்து வருது. ஹைட்ரா தெக்க இருக்கு. முதுகுல தள்ளிட்டுப் போயிரும். இதுல என்னங்க பிரச்னை?" என்றார் நண்பர். ஒருவிதத்தில் அவர் சொன்னது சரி. கேப்டனும் அதை மறுக்கவில்லை. "போவது பிரச்னையே இல்லை. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். வெள்ளிக்கிழமை அலிமோஸுக்கு எப்படித் திரும்புவது?"

அவர் காகித வரைபடத்தை விரித்து விரலால் அளந்தார். போரோஸிலிருந்து அலிமோஸ் 28 கடல் மைலுக்கு மேல். ஹைட்ராவிலிருந்து 37. அத்தனையும் வடக்கே, காற்றுக்கு நேர் எதிரே. பாய்மரப் படகு காற்றுக்கு நேராகப் போக முடியாது; இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற முடியும், தூரம் கூடிவிடும். என்ஜின் போட்டால் அலை ஒவ்வொன்றும் முகத்தில் அறைந்து வேகத்தைப் பாதியாக்கும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். கீழே ஒருவரும் நிற்க முடியாது. ஒரு குழந்தை, நீச்சல் தெரியாத ஒருவர். வெள்ளி மாலை தாண்டினால் ஒப்பந்தப்படி அபராதம், அந்த அவசரத்தில்தான் படகுக்காரர்கள் போகக் கூடாத நேரத்தில் போகிறார்கள் என்றார்.

நண்பருக்குக் கோபம். "நாம காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு நமக்கே நோ சொல்றாருங்க" என்று தமிழில் அத்தானிடம் பொரிந்தார். அத்தான் தர்மசங்கடமாக நின்றார். அவருக்கே உரிமம் இருக்கிறது. சுக்கானை நான் பிடிக்கிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்கலாம். அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் சொல்றது கரெக்ட். நானா இருந்திருந்தா இன்னிக்குப் போயிருப்பேன். வெள்ளிக்கிழமைய யோசிச்சிருக்கவே மாட்டேன்" என்றார்.

"அப்பா இருந்தப்ப தோணி காத்துக்கு நிக்குதுன்னு பத்து நாளு, பதினஞ்சு நாளு கரையிலயே கெடக்கும். யாரும் கேப்டன வையமாட்டாங்க தம்பி" என்று நண்பரிடம் சொல்லிவிட்டு அம்மா டீ போடப் போனார்.

அன்று முழுக்க போரோஸில்தான். பத்து மணிக்கு மேல் காற்று பிடித்தது. மரங்கள் எல்லாம் ஊளையிட்டன. கட்டியிருந்த கயிறுகள் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டன. பக்கத்துப் படகின் மீது உரசாமல் இருக்க, காற்றடைத்த உருளைகளைக் கூடுதலாகத் தொங்கவிட்டார் கேப்டன். நண்பர் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். மதியம், தெற்கே போயிருந்த ஒரு படகு திரும்பி வந்தது. மேலே இருந்தவர்கள் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள், பாயின் ஓரம் கிழிந்து தொங்கியது. அவர்கள் வீசிய கயிற்றைக் கரையிலிருந்து பிடித்துக் கட்டியவர் நண்பர்தான். அதற்குப் பிறகு அவர் ஹைட்ரா பேச்சை எடுக்கவில்லை.

எடுத்தது கேப்டன். வியாழன் காலை காற்று கொஞ்சம் தணிந்ததும், "ஹைட்ராவுக்குப் போய்விட்டு வாருங்கள், ஃபெர்ரியில்" என்றார். ஐந்தாயிரம் யூரோ கொட்டிப் படகு எடுத்துவிட்டு, அதைக் கட்டிப்போட்டு டிக்கெட் வாங்கி ஃபெர்ரியில் போவதா! எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது ஃபெர்ரி.

ஹைட்ரா அழகுதான். குதிரை லாட வடிவத்தில் ஒரு சின்னத் துறைமுகம், அதைச் சுற்றிக் கல் மாளிகைகள், கரையில் சேணம் பூட்டிய கழுதைகள் வரிசையாக. ஆனால், நாங்கள் அதிக நேரம் பார்த்தது துறைமுகத் தண்ணீரைத்தான். இரண்டு நாள் அங்கங்கே அடைபட்டுக் கிடந்த படகுகள் அத்தனையும் வந்து குவிந்திருந்தன. கரையில் இடமில்லாமல் ஒரு வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை. ஒருவர் நங்கூரத்தின் மேல் இன்னொருவர் சங்கிலி. கிளம்ப முயன்ற ஒரு படகு நங்கூரத்தைத் தூக்க, கூடவே பக்கத்துப் படகின் சங்கிலியும் மேலே வந்தது. நான்கு மொழிகளில் சத்தம். ஒருவர் முன்னால் படுத்துக்கொண்டு கொக்கியால் சங்கிலியை எடுத்துவிடப் பார்க்கிறார், படகு அதற்குள் காற்றில் திரும்பி அடுத்த படகின் மேல் சாய்கிறது. அத்தான் ஐஸ்க்ரீம் உருகுவதுகூடத் தெரியாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பூஜ்யம்னு எழுதினது நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. "ஏனுங்க, சரியாப் போச்சு" என்றார் நண்பர்.

திரும்பும் நாள்

வெள்ளி அதிகாலை நாலரை மணிக்கு எழுப்பினார் கேப்டன். கோடை வடக்குக் காற்று பெரும்பாலும் வெயில் ஏற ஏறத்தான் பலம் பிடிக்கும். அதற்குள் பாதித் தூரத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது கணக்கு. இருட்டில் நங்கூரச் சங்கிலி உள்ளே ஏறும் சத்தத்தில் ஊரே எழுந்திருக்கும். குக்கரைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் இறுக்கி வைத்திருந்தார் அம்மா. ஏஜினாவைத் தாண்டும்போது சூரியன் வந்தது. அங்கே சுக்கானை அத்தானிடம் கொடுத்துவிட்டு கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். துறை வாசல் வரை அத்தான்தான் ஓட்டினார். ரிவர்ஸ் எடுத்துக் கட்டும்போதும் கேப்டன் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் அசைத்து இடம், வலம் சொன்னார். இரண்டாவது முயற்சியில் படகு சந்துக்குள் போனது. படிவத்தில் இனி 1 என்று எழுதலாம்.

பதினோரு மணிக்கே வந்துவிட்டதால் டீசல் நிரப்பக் கூட்டம் இல்லை. மாலையில் வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, அத்தான் கார்டில் பிடித்து வைத்திருந்த 3,000 யூரோ முன்பணத்தை முழுதாக விடுவித்தார்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். படகு வாடகை 3,500 யூரோ. கேப்டன் 1,400. சுத்தம் செய்ய, படுக்கை விரிப்புக்கு 250. டீசல் 140. மொத்தம் 5,290. கேப்டனை விட்டுவிட்டு ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 755 யூரோ. ஒரு யூரோ ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்தால் 75,500 ரூபாய். விமான டிக்கெட், சாப்பாடு, துறைமுகக் கட்டணம், ஹைட்ரா ஃபெர்ரி எல்லாம் தனி. எனக்கு இது ஒரு வருடச் சேமிப்பு, மறைக்கவில்லை. பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்கள் மே மாதத்திலோ அக்டோபரிலோ போனால் வாடகை குறையும், மெல்டெமி தொல்லையும் குறைவு. முதல் தடவை போகிறவர்கள் சரோனிக் பக்கமோ, கிரேக்கத்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஐயோனியன் தீவுகள் பக்கமோ போகலாம். தீவுகளின் பட்டியலைப் போடும்போது, தூரமான தீவை வாரக் கடைசிக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை இரவு ஏதென்ஸில் ஹோட்டல். தாராளமாகத் தண்ணீர் வரும் குளியலறைக்குள் போன அம்மா, பாதியில் கதவைத் திறந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, இந்தத் தரையும் ஆடுது பாரு."

எனக்கும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஊருக்கு வந்து இரண்டு நாள் வரை நிற்கவில்லை.